அந்தச் சாப்பாட்டை அதன் பெயரிலேயே எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வளைகுடாத் தமிழர்களின் சாப்பாடு பற்றிப் போன ஞாயிற்றுக்கிழமை வந்த கட்டுரையைப் படித்தேன். துபாயின் கராமா பகுதியில் உள்ள தமிழ் மெஸ்களைப் பற்றி எழுதியதில் குறையில்லை. ஆனால் நிஹாரி, சப்ளி கபாப், கடாய்க் கறி எல்லாவற்றையும் "வட இந்திய உணவு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். 1995 முதல் 2016 வரை துபாய் சத்வாவில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தவன் நான். எனக்கு அந்தச் சாப்பாட்டைப் போட்டவர்கள் பாகிஸ்தானிகள்.

எங்கள் அறை இருந்த சந்தின் முனையில் ஒரு பாகிஸ்தானி கடை. கோடையில் பகல் முழுக்க மொட்டை மாடிகளில் கழியும். இரவு திரும்பினால் சமைக்க யாருக்கும் தெம்பு இருக்காது. அந்தக் கடையில் தந்தூர் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். வெங்காயம், வெள்ளரிக்காய், எலுமிச்சை, புதினாத் தயிர் எல்லாம் கேட்காமலே மேசைக்கு வரும், அதற்குக் காசு கிடையாது. ஒரு தட்டு தால் வாங்கி மூன்று பேர் நான் ரொட்டியைத் தொட்டுச் சாப்பிட்டிருக்கிறோம். கடைக்காரர்கள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

சப்ளி கபாப் பெஷாவர் பக்கத்துப் பட்டாணியருடையது. கொத்துக்கறியில் மல்லி விதையைக் கொரகொரப்பாக இடித்துப் போட்டு, உலர்ந்த மாதுளை விதையும் தக்காளியும் சேர்த்து, உள்ளங்கை அகலத்துக்குத் தட்டிக் கொழுப்பில் பொரிப்பார்கள். வெள்ளிக்கிழமை காலையில் அல்வா பூரி. அல்வா என்றால் ரவையில் செய்வது, கிட்டத்தட்ட நம் கேசரிதான். கூடவே கொண்டைக்கடலைக் குழம்பு. பூரிக்குக் கேசரியா என்று முதல் தடவை ஒதுக்கி வைத்தேன். அப்புறம் அதற்காகவே லீவு நாளில் விடிகாலை எழ ஆரம்பித்தேன்.

நிஹாரி என்கிற மாட்டுக்கறிக் குழம்பு ராத்திரி முழுக்கச் சிறு தீயில் வெந்து காலையில் இறங்கும். அது பழைய டெல்லிச் சாப்பாடு, 1947-இல் குடிபெயர்ந்தவர்களோடு கராச்சிக்கு வந்தது என்று கல்லாவில் இருந்த லாகூர்க்காரரே எனக்குச் சொன்னார். டெல்லியின் பங்கை அவர் மறைக்கவில்லை. நாம் மட்டும் ஏன் அவர்கள் பெயரை விட்டுவிட வேண்டும்?

நான் மாட்டுக்கறி சாப்பிடுவதில்லை. அது தெரிந்ததிலிருந்து, பரிமாறுகிற பையன் நான் உட்காரும் முன்பே, "பாய், நிஹாரி வேண்டாம், இன்றைக்குப் பாயா இருக்கிறது, ஆட்டுக்கால்தான்" என்பான். நாம் இடியாப்பத்துக்கு ஊற்றிக்கொள்கிற அதே பாயா. அந்தச் சொல்லே கால் என்று பொருள்படும் உருதுச் சொல்தான்.

1999 கடைசியில் நான் வேலை பார்த்த கம்பெனி மூன்று மாதம் சம்பளம் போடவில்லை. கல்லாக்காரர் என் கணக்கை ஒரு நோட்டில் உருதுவில் எழுதி வந்தார். எனக்கு ஓர் எழுத்தும் புரியாது. சம்பளம் வந்த அன்று 410 திர்ஹம் என்று வாசித்தார். என் மனக்கணக்கில் 480-க்குக் குறையாது. கேட்டேன். நோன்பு திறக்கும் நேரத்தில் கொடுத்ததை எழுதுவதில்லை என்றார். நான் நோன்பு வைத்தவன் இல்லை. ஆனாலும் அந்த மாதம் முழுக்க மாலையில் பேரீச்சம்பழமும் பக்கோடாவும் ரூஹ் அஃப்சா சர்பத்தும் எனக்கும் வைத்தார்கள்.

அதே சத்வாவில் 1978-இல் தொடங்கிய ரவி என்ற பாகிஸ்தானி உணவகம் இருக்கிறது. 2022-இல் அடிடாஸ் கம்பெனி அதன் பெயரில் பச்சையும் வெள்ளையுமாக ஷூவே வெளியிட்டது. ரவி என்றதும் நமக்கு நம்மூர்ப் பையன் பெயர்தான் ஞாபகம் வரும். லாகூரை ஒட்டி ஓடும் ஆற்றுக்கும் அதுதான் பெயர். உங்கள் கட்டுரையில் அந்தக் கடைகூட இல்லையே என்றுதான் வருத்தம்.

இந்தத் தொடர் இன்னும் வரும் என்று போட்டிருக்கிறீர்கள். சத்வாவுக்கு ஒருவரை அனுப்புங்கள். பாகிஸ்தானிச் சாப்பாடு என்றே எழுதச் சொல்லுங்கள். விடுமுறை நாளில் எட்டு மணிக்கு முன்பே போகட்டும், அல்வா சீக்கிரம் தீர்ந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஏ.சி. மெக்கானிக்,
தேவகோட்டை.