பழைய சுவருக்குச் சிமென்ட் பூசாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பிதழில் இயற்கைப் பொருட்களால் கட்டும் வீடுகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மூங்கில், அழுத்திய மண்கல், கறையான் புற்றைப் பார்த்துக் கட்டிய ஆப்பிரிக்கக் கட்டடம் என்று நிறைய இருந்தது. நல்லதுதான். ஆனால் எங்கள் பக்கம் மண்ணாலும் சுண்ணாம்பாலும் கட்டி நூறு வருஷமாக நிற்கிற வீடுகளுக்குச் சிமென்ட் பூசி நாமே கெடுத்துக்கொண்டிருக்கிறோம். அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கெடுத்தவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் எழுதுகிறேன்.

முப்பத்திரண்டு வருஷம் ஓவர்சியர் வேலை பார்த்தேன். பழைய கட்டடத்தில் பூச்சு உதிர்ந்திருந்தால் கொத்திவிட்டு ஒன்றுக்கு ஐந்து சிமென்ட் கலவை என்று எஸ்டிமேட்டில் எழுதுவேன். யோசிக்கவே வேண்டாம், கை தானாக எழுதும். வேடிக்கை என்னவென்றால், கான்கிரீட் மாடிக்கு மேல் தளம் போடச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும்தான் எழுதுவோம். தட்டோடு என்கிற தட்டை ஓட்டைப் பதிப்பதற்கு முன் சித்தாள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டிக்கொண்டே நகர்வார்கள். மாடிக்குச் சுண்ணாம்பு, சுவருக்குச் சிமென்ட். ஏன் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

1993-ல் எங்கள் வீட்டுக் கூடத்துக்கும் அதையே செய்தேன். தாத்தா கட்டிய வீடு. நாட்டுச் செங்கல், களிமண் கட்டு, மேலே சுண்ணாம்புக் காரை. வாய்க்கால் கரைத் தெரு என்பதால் ஐப்பசியில் கிணற்றுத் தண்ணீரைக் குனிந்து மொண்டுவிடலாம், அப்படி ஊற்று. சுவரின் அடியில் இரண்டடி உயரத்துக்குப் பூச்சு பொரிந்திருந்தது. இடுப்பளவுக்குச் சிமென்ட் பூசி பெயின்ட்டும் அடித்தேன். அம்மா பார்த்துவிட்டு, “சுவத்துக்கு மழைக்கோட்டு மாட்டிட்டியே, அதுக்கு வேர்க்காதாடா?” என்றாள். சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

இரண்டே மழைக்காலம். சிமென்ட் முடிகிற கோட்டுக்கு மேலே ஈரம் ஏறி நின்றது. வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்தது. ஒருநாள் சாமி படம் ஆணியோடு கழன்று விழுந்தது. சரி என்று இன்னும் இரண்டடி உயர்த்திப் பூசினேன். ஈரம் அதற்கும் மேலே போனது. ஓவர்சியர் வீட்டிலேயே இப்படி!

காரணம் பெரிய ரகசியம் இல்லை. அந்தக் காலத்து அஸ்திவாரத்தில் ஈரத்தடுப்பு கிடையாது; தரையிலிருந்து சுவர் தண்ணீரை உறிஞ்சத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் உண்டு, ஏறிய ஈரம் அது வழியாகவே ஆவியாகிவிடும். உப்பு பூச்சிலேயே தங்கிப் பூச்சு பொரியும். அடிப்பூச்சைச் சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டால் செங்கல் பிழைத்துவிடும். சிமென்ட் பூசினாலோ ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளுக்குள்ளேயே மேலே ஏறும். களிமண் கட்டு இளகும். போதாக்குறைக்குச் சிமென்ட், நாட்டுச் செங்கல்லைவிடக் கெட்டி. 2019-ல் அதைக் கொத்தி எடுத்தபோது செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டுதான் வந்தது. உள்ளே கட்டுமண்ணை விரலால் வழிக்கலாம் போலிருந்தது.

கட்டுரையில் சொன்ன கறையான் புற்று விஷயத்துக்கு வருகிறேன். ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் 1996-ல் திறந்த ஈஸ்ட்கேட் கட்டடம், மிக் பியர்ஸ் வடிவமைத்தது. இரவின் குளிர்ந்த காற்றை உள்ளே இழுத்துக் கனமான தளங்களைக் குளிரவைத்து, பகலில் அந்தக் குளிர்ச்சியைச் செலவழிக்கிறது. புற்றுக்குள் காற்று புகைபோக்கியில் போல மேலேறிப் போகிறது என்று அப்போது நினைத்தார்கள். அப்புறம் புற்றுகளை அளந்து பார்த்தவர்கள் வேறு மாதிரி சொன்னார்கள்: புற்றின் மண்சுவரே துளைத்துளையானது, வெளிக்காற்றின் வேகம் கூடிக் குறைய அது நுரையீரல் மாதிரி மூச்சு வாங்குகிறது என்று. அதனால் கட்டடத்துக்கு ஒரு குறையும் இல்லை, அது நன்றாகவே இயங்குகிறது. எனக்கு என்னவோ எங்கள் கூடத்துச் சுவர்தான் ஞாபகம் வந்தது. (புற்றுமண்ணைக் குழைத்துத்தான் எங்கள் பாட்டி தரை போடுவாள். நிலைக்கதவை அரித்த அதே கறையான்!)

சுவரைச் சரிசெய்தவர் பக்கத்து ஊர் மேஸ்திரி, அப்போதே எழுபத்தைந்து தாண்டியவர். சிமென்ட்டை எடுத்துவிட்டுச் சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் சுவரை வெறுமனே காயவிடச் சொன்னார். நான் அவசரப்பட்டதற்கு, “அவசரம்னா சிமென்ட்டே பூசிக்கங்க சார்” என்றார். அதோடு வாயை மூடிக்கொண்டேன். காளவாயில் சுட்ட கிளிஞ்சலைத் தொட்டித் தண்ணீரில் கொட்டியதும் சோற்றுப் பானை மாதிரி தளதளவென்று கொதித்தது. இப்படித் தாளித்த, அதாவது நீற்றிய, சுண்ணாம்பை மூன்று வாரம் தண்ணீர் வற்றாமல் ஊறவிட்டோம். இன்னொரு பக்கம் கடுக்காயை நசுக்கிக் கருப்பட்டியோடு ஊறப்போட்டது பத்தாம் நாள் கள்ளுக்கடை வாசம் அடித்தது. பேரன் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினான். காரை அரைக்க மாட்டுச் செக்குக்கு எங்கே போவது? வீட்டில் சும்மா கிடந்த பழைய கிரைண்டரில் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்தோம். அரைத்ததைக் கரண்டியில் எடுத்துக் கவிழ்த்துப் பார்ப்பார். ஒட்டிக்கொண்டு நின்றால்தான் சுவருக்குப் போகும், இல்லையென்றால் திரும்பக் கிரைண்டருக்கு. மெல்லிசாக மூன்று பூச்சு. மறுநாள் காலையில் தெரிந்த முடிவிரிசல்களை மணியாசு கட்டையால் அழுத்தித் தேய்த்து மூடினார்.

கூலி இரண்டு மடங்கு ஆனது, நாளோ கணக்கே இல்லை. மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதன்பிறகு வந்த மழைக்காலங்களில் கூடத்தில் அந்தப் பூசண வாடை இல்லை. கல்வெர்ட்டும் தண்ணீர்த் தொட்டியும் சுண்ணாம்பில் கட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. சிமென்ட்டுக்குச் சூளையில் 1450 டிகிரி வேண்டும், சுண்ணாம்புக்குச் சுமார் 900 போதும். சுண்ணாம்பு சுடும்போதும் கரியமில வாயு வரும், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பூசிய சுண்ணாம்பு அந்த வாயுவைத் திரும்பக் காற்றிலிருந்து இழுத்துக்கொண்டுதான் இறுகுகிறது. கட்டடச் சுண்ணாம்புக்கு ஐ.எஸ். 712 என்று இந்தியத் தரநிலையே இருக்கிறது. சிவில் டிப்ளமோ படிக்கிற பிள்ளைகள் அந்த எண்ணை மனப்பாடம் செய்வதோடு, ஒருமுறையாவது சுண்ணாம்பைத் தாளித்துப் பார்க்கட்டும். நான் டிப்ளமோ முடித்தவன். தாளித்து முதன்முதலில் பார்த்தது அறுபத்தேழு வயதில்.

எங்கள் ஊரில் ஓட்டுக்கூரைப் பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது. ஒன்றரை அடிச் சுவர், மே மாதத்திலும் உள்ளே இதமாக இருக்கும். நான் அங்கேதான் ஆனா ஆவன்னா எழுதினேன். போன வாரம் அதன் வாசலில் சிமென்ட் மூட்டைகள் இறங்கியிருக்கின்றன. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். இந்தக் கடிதம் சம்பந்தப்பட்டவர்கள் கண்ணில் பட்டால், வேலையைக் கோடை விடுமுறைக்குத் தள்ளிவைக்கட்டும். மேஸ்திரியால் இப்போது கரண்டி பிடிக்க முடியாது. நாற்காலி போட்டு உட்காரவைத்தால் சொல்லித்தருகிறேன் என்கிறார்; கேட்டுவிட்டேன். சுண்ணாம்பு ஊறப்போட என் வீட்டுத் தொட்டி காலியாகத்தான் கிடக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவர்சியர் ஒருவர்,
கும்பகோணம் வட்டம்.