பள்ளிகளுக்குத் தக்ளி திரும்பட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாளையொட்டித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, நெசவாளர்களின் உழைப்பை மதிக்கப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டும் என்று வலியுறுத்தியிருந்தது. முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் கட்டுரைப் போட்டியாலும் கண்காட்சியாலும் அந்த மதிப்பு வந்துவிடாது. பிள்ளைகளின் கையில் பஞ்சைக் கொடுக்க வேண்டும்.

நான் சில காலமாகத் தக்ளி என்னும் சிறு கைக்கதிரில் நூல் நூற்கப் பழகிவருகிறேன். ஒரு கையில் பஞ்சுத் திரியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தக்ளியைச் சுழற்றிவிட்டால், முறுக்கு நூல்வழியே மேலேறி வரும். அது விரலிடுக்கைத் தாண்டித் திரிக்குள் புகுந்துவிட்டால் பஞ்சு இழுபடாமல் தடித்துப்போகும். போதிய முறுக்கு ஏறுமுன் இழுத்தாலோ நூல் அறுந்து தக்ளி தரையில் விழும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கணத்தை விரல்தான் அறிகிறது. கதர்த் துணியில் ஆங்காங்கே தென்படும் தடித்த இழையைக் குறையென்று ஒதுக்குவோரைக் கண்டால் இப்போது மனம் வருந்துகிறது.

கணக்கும் அப்படித்தான். கதர் நூற்பில் ஒரு சிட்டம் என்பது 1,000 மீட்டர் நூல். அங்குலத்துக்குப் பாவில் (நீளவாட்டில்) 50 இழை, ஊடையில் (குறுக்குவாட்டில்) 50 இழை என்று 48 அங்குல அகலத்தில் நெய்தால், ஒரு மீட்டர் துணிக்கே ஏறத்தாழ ஐந்து சிட்டம் வேண்டும். கைவலிக்க நூற்றவர் எவரும் இதை அறிந்தபின் கதர்க் கடையில் விலை பேரம் பேசமாட்டார்.

எங்கள் கரிசல் மண்ணின் கருங்கண்ணிப் பருத்தியையும் நூற்ற பிறகே புரிந்துகொண்டேன். அதன் இழை குட்டை. நீள இழையை நாடும் ஆலைகளுக்கு அது ஏற்றதாக இல்லாததால் சாகுபடியும் அருகிப்போனது. கை நூற்புக்கோ, முறுக்கைச் சற்றுக் கூட்டினால் போதும், நன்றாகவே இணங்கிவருகிறது.

1937இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலையே கற்பித்தலின் மையமாக்கியது; நம் பள்ளிகளிலும் ஒரு காலத்தில் தக்ளி சுழன்றது. அதற்கு மின்சாரமும் வேண்டாம், தனி அறையும் வேண்டாம். ஆறாம் வகுப்பிலிருந்து வாரம் ஒரு பாடவேளையாவது நூற்புக்கு ஒதுக்கி, அத்தொழில் தெரிந்த முதியவர்களை உரிய ஊதியத்துடன் அழைத்துக் கற்பிக்கச் செய்யுமாறு, பள்ளிக் கல்வித் துறையைத் தங்கள் இதழ் வாயிலாக வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கோவில்பட்டி.