கடைசி ஐந்து நிமிடம் போதாது: நம் ஹாக்கி கிளப் செயலவைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலவை உறுப்பினர்களுக்கும் குழுவைத் தேர்வு செய்யும் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

புள்ளிப் பட்டியலில் நம் குழு அடியில் கிடப்பதற்கு அதிர்ஷ்டத்தைக் குறை சொல்ல முடியாது. இந்தப் பருவத்தில் நாம் விட்ட கோல்களில் பெரும்பகுதி நான்காவது குவார்ட்டரில் விழுந்தவை. பாதி ஆட்டம் வரை சரிசமமாக நிற்கிறோம். பிறகு நடுத்திடலில் இரண்டு பேர் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்குகிறார்கள். எதிரணி அவர்களைத் தாண்டி, கோலுக்கு முன்னுள்ள 'டி' வட்டத்துக்குள் வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் 17, 18 வயதுப் பிள்ளைகள். ஆட்டம் கைவிட்டுப் போன பிறகு, கடைசி ஐந்து நிமிடத்துக்கு அவர்களை இறக்குகிறோம். மூன்று கோல் பின்தங்கிய ஆட்டத்தில் இறங்கும் பையனிடம் எதைப் பார்த்து "இன்னும் பக்குவம் வரவில்லை" என்று முடிவு செய்கிறீர்கள்?

மீதமுள்ள ஆட்டங்களில் இளையோருக்கு முதல் குவார்ட்டரிலிருந்தே நேரம் கொடுங்கள். இதுதான் எங்கள் கோரிக்கை. அண்ணன்மாரை வெளியே அனுப்பச் சொல்லவில்லை. அவர்கள் எந்த இடத்தில், எவ்வளவு நேரம் ஆட வேண்டும் என்பதைத்தான் மாற்றச் சொல்கிறோம்.

ஹாக்கியில் விதியே இதற்கு வழிவிடுகிறது. பெனால்டி கார்னர் ('டி' வட்டத்துக்குள் தற்காப்பவர் தவறு செய்தால் எதிரணிக்குப் பின்கோட்டிலிருந்து கிடைக்கும் வாய்ப்பு) முடியும் வரை பொறுக்க வேண்டும் என்பதைத் தவிர, ஆள் மாற்ற வரம்பே இல்லை. வெளியே வந்தவர் மறுபடியும் இறங்கலாம். ஓர் ஆட்டம் 60 நிமிடம். முன்னணியில் மூன்று இடம் வைத்து ஆடினால் மொத்தம் 180 நிமிடம். ஐந்து பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 36. அந்த ஐவரில் இருவர் இளையோராக இருக்கட்டும். நான்கைந்து நிமிடம் முழு வேகத்தில் ஓடிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். கோலாலம்பூர் மாலைப் புழுக்கத்தில் அதற்கு மேல் விடாமல் விரட்டிப் பந்தைப் பறிப்பது எந்த வயதுக்காரருக்கும் சிரமம்.

இந்தச் சுழற்சி நம்மிடம் ஏன் சொதப்புகிறது? ஆட்டக்காரரே கையைத் தூக்கட்டும் என்று காத்திருக்கிறோம். மூத்தவர்கள் லேசில் தூக்க மாட்டார்கள்; தூக்கும்போது இரண்டு நிமிடம் பிந்தியிருக்கும். பெஞ்சில் ஒருவர் ஸ்டாப்வாட்சும் பெயர் எழுதிய அட்டையுமாக உட்கார வேண்டும். அவர் கூப்பிட்டால் கேப்டனும் வர வேண்டும். பந்து எதிரணியின் 23 மீட்டர் பகுதியில் இருக்கும்போதோ, வெளியே போயிருக்கும்போதோ மட்டும் மாற்றுங்கள். ஒரே மூச்சில் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். அதிலும் நடுத்திடல் மையத்தில் ஆடும் சென்டர் ஹாஃபையும் முன்னணி மையத்தில் ஆடும் சென்டர் ஃபார்வர்டையும் சேர்த்து மாற்றினால், தற்காப்பிலிருந்து வரும் பந்தை வாங்க நடுவில் ஆள் இருக்காது.

எந்த இடத்தில் இறக்குகிறோம் என்பதில்தான் நல்ல பிள்ளைகள் பாழாகிறார்கள். இடப்பக்கத் தற்காப்பிடமான லெஃப்ட் ஹாஃபில் ஒருவருக்குக் காயம் பட்டால், இருக்கிற பையனை அங்கே நிறுத்திவிடுகிறோம். திடலிலேயே கடினமான இடம் அது. ஹாக்கியில் இடக்கை மட்டை கிடையாது. தட்டைப் பக்கத்தால்தான் ஆட வேண்டும்; அதனால் பந்தை உடலின் வலப்பக்கம் வைத்து ஆடுவதே எல்லாருக்கும் எளிது. ஆகவே குழுக்கள் பெரும்பாலும் தங்கள் வலப்பக்கமாக ஏறும். அது நமக்கு இடப்பக்கம். கோட்டோரமாகத் தாண்டி ஓடுபவரை நம் லெஃப்ட் ஹாஃப் மட்டையைத் திருப்பி, ரிவர்ஸில் தடுக்க வேண்டும். அரை வினாடி பிந்தினாலும் எதிராளியின் மட்டையிலோ காலிலோ அடி விழும். பச்சை அட்டை என்றால் இரண்டு நிமிடம், மஞ்சள் என்றால் குறைந்தது ஐந்து நிமிடம் பத்துப் பேரோடு ஆட வேண்டும். 'டி' வட்டத்துக்குள் நடந்தால் பெனால்டி கார்னர். பழியெல்லாம் அந்தப் பையன் தலையில் விழும். முதலில் ரைட் விங் (வலது முன்னணி) கொடுங்கள், அல்லது ரைட் ஹாஃப் (வலது தற்காப்பு). அங்கே கோட்டோரம் வரும் பந்து மட்டையின் நேர்ப்பக்கத்தில் இருக்கும். நான்கைந்து ஆட்டம் கழித்து உள்ளே நகர்த்தலாம்.

பெனால்டி கார்னர் தற்காப்பில் டிராக் ஃபிளிக் (பந்தை மட்டையால் இழுத்துச் சுண்டிவிடுவது) அடிப்பவரை நோக்கி முதலில் ஓடுவது மூத்தவர் வேலையாகவே இருக்கட்டும். 156 முதல் 163 கிராம் எடையுள்ள பந்து பாயும் பாதையிலேயே அவர் ஓடுகிறார். முகக்கவசம், முழங்கால் கவசம், கையுறை போட்டு, டென்னிஸ் பந்தில் ஓடிப் பழகாத யாரையும் அங்கே அனுப்பக் கூடாது. நமக்குக் கார்னர் கிடைக்கும்போது பின்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிடும் வேலையை இளையவரிடம் ஒப்படைக்கலாம். கோல் கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி நின்று, யாரும் மறிக்காமல் செய்கிற வேலை. ஒவ்வொரு பயிற்சியிலும் 50 பந்து தள்ளட்டும், கை படிந்துவிடும்.

கோல் காவலருக்கும் நடுத் தற்காப்பாளருக்கும் வயது அவ்வளவு பெரிய தடையில்லை. 1979-இல் பிறந்த எஸ். குமார் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் மலேசியா வெள்ளி வென்றபோதும் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றார். 2013-இல் புதுடில்லியில் நடந்த ஜூனியர் உலகக் கிண்ணத்தில் நான்காவது இடம் பிடித்த பிள்ளைகள் சிலரும் அதே குழுவில் இருந்தார்கள். ஆட்டத்தைப் படிக்கத் தெரிந்த அண்ணன்மார் பின்னாலிருந்து குரல் கொடுக்கட்டும். கால் ஓடுகிறவர்கள் முன்னால் ஓடட்டும். நாங்கள் கேட்பது இப்படியொரு கலவை.

தம்பிகள் தவறு செய்வார்கள். தலையைக் குனிந்தபடி பந்தோடு ஓடுவார்கள், உயரத்தில் வரும் பந்தைக் கோட்டைவிடுவார்கள். தவறு செய்த உடனே வெளியே இழுக்காதீர்கள். தன் நான்கு நிமிடத்தை அவர் ஆடி முடிக்கட்டும். அதன் பிறகு பெஞ்சில் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். இழுத்து உட்கார வைத்தால், அடுத்த முறை பந்து வந்தவுடன் பயந்து யாருக்காவது தள்ளிவிடத்தான் பழகுவார்.

இன்னொன்று: இவர்களில் சிலர் பள்ளிக்கும் ஆடுகிறார்கள், ஜூனியர் லீக்கிலும் ஆடுகிறார்கள், பள்ளி இறுதி எஸ்.பி.எம். தேர்வும் எழுத வேண்டும். வாரத்துக்கு இரண்டு ஆட்டத்துக்கு மேல் போகாதபடி ஒருவர் கணக்கு வைக்க வேண்டும். பள்ளிப் பயிற்றுநருக்கு ஒரு வாட்ஸ்அப் அனுப்பினால் வேலை முடிந்தது.

அடுத்த ஆட்டத்துக்கான பெயர்ப் பட்டியலை வியாழக்கிழமைப் பயிற்சிக்குள் கொடுத்துவிடுங்கள். சுழற்சி அட்டையை நாங்களே எழுதித் தருகிறோம். பெஞ்சில் ஸ்டாப்வாட்சோடு உட்காரவும் எங்களில் ஒருவர் தயார்.

இப்படிக்கு,
கிளப்பின் இளையோர் பயிற்றுநர்கள்,
கோலாலம்பூர்