பருவ இறுதிக் கடிதம்: கணக்கு வீட்டுப்பாடம் குறித்து ஒரு வேண்டுகோள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்தப் பருவம் நல்லபடியாக நிறைவடைகிறது. விளையாட்டு விழாவிலும் அறிவியல் கண்காட்சியிலும் மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றார்கள். அனைவருக்கும் பாராட்டுகள்.

கணக்கு வீட்டுப்பாடம் பற்றித்தான் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. “20 மீட்டர் நீளப் பாதையோரம் 2 மீட்டருக்கு ஒரு மரக்கன்று நட்டால் எத்தனை கன்றுகள் தேவை?” என்ற கேள்வி பல வீடுகளில் வாக்குவாதத்தைக் கிளப்பியிருக்கிறது. உங்கள் கோபம் நியாயமானது. இரு முனைகளிலும் நட்டால் 11, ஒரு முனையை விட்டால் 10, இரண்டையும் விட்டால் 9. பாதையின் ஒரு பக்கமா, இரு பக்கமுமா என்பதும் தெளிவாக இல்லை. இப்படி அரைகுறையாகக் கேட்பது தவறுதான். புத்தகத்தில் அச்சாகிவிட்டது என்பதற்காக அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

ஆனால் மறுநாள் வந்த நோட்டு ஒன்றில், பென்சிலால் எழுதிய 10 அழிக்கப்பட்டு, அதன்மேல் பெரியவர் கையெழுத்தில் 11 இருந்தது. ஏன் 11 என்று கேட்டதற்கு அந்த மாணவி விழித்தாள். அவள் எழுதிய 10-க்கும் ஒரு காரணம் இருந்திருக்கும். அது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

1980 வாக்கில் பிரான்சின் கிரெனோபிள் நகரில் சிறுவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன, கப்பல் தலைவரின் வயது என்ன? 97 பேரில் 76 பேர் அந்த எண்களை வைத்தே ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள். புத்தகக் கேள்வி என்றால் விடை இருந்தே தீரும் என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழமானது. “இந்தக் கேள்வியில் ஏதோ குறைகிறதே” என்று சொல்லும் துணிச்சலைத்தான் நம் பிள்ளைகளுக்கு வளர்க்க விரும்புகிறோம். விடையை நாமே எழுதிக் கொடுத்தால் அது வளராது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். பிள்ளையின் காதுபட “உங்கள் ஆசிரியருக்கே கணக்குத் தெரியவில்லை” என்று பேசுவதையும், நள்ளிரவில் ஆசிரியரின் கைபேசிக்குக் கடுமையான செய்திகள் அனுப்புவதையும் ஏற்க முடியாது. இவை இத்துடன் நிற்க வேண்டும்.

கேள்வி புரியவில்லை என்றால், எந்த இடத்தில் குழப்பம் என்று பிள்ளையே நோட்டில் ஒரு வரி எழுதி வரட்டும். அதற்காக மதிப்பெண் குறையாது. அத்தகைய கேள்விகளைத் தொகுத்துப் பாடநூல் தயாரிப்பவர்களுக்கு அனுப்பும் பொறுப்பு என்னுடையது.

வேலை முடிந்து களைத்து வந்த பிறகும் பிள்ளையோடு உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறீர்கள். அந்த அக்கறைக்கு ஆசிரியர்கள் அனைவரின் சார்பிலும் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்