அயல்மொழியைத் திரை கற்றுத்தராது

ஆசிரியருக்கு,

குழந்தைக்கு வீட்டிலேயே அயல்மொழி கற்றுத்தர விரும்பும் பெற்றோர் பலர் முதலில் நாடுவது காணொளிகளைத்தான். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பட்ரீசியா கூல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வை அவர்கள் அறிய வேண்டும். 9 மாத அமெரிக்கக் குழந்தைகள் 12 அமர்வுகளில் மாண்டரின் என்னும் சீன மொழியைக் கேட்டார்கள். நேரில் ஒருவர் விளையாடிப் பேசக் கேட்டவர்கள் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள்; திரையிலோ ஒலிப்பதிவிலோ கேட்டவர்களுக்கு அது வரவில்லை.

ஆகவே குளியல், உடை மாற்றுதல் என்று அன்றாட வேலை ஒன்றை அயல்மொழிக்கு ஒதுக்குங்கள். 10, 15 நிமிடம் போதும். "கையை நீட்டு", "சட்டை எங்கே?" என்று அதே வாக்கியங்கள் தினமும் திரும்ப வரும். செயலே பொருளை உணர்த்திவிடும், மொழிபெயர்க்காதீர்கள். மொழிபெயர்த்துப் பழக்கினால், பின்னால் வரும் தாய்மொழி வாக்கியத்துக்காகவே குழந்தை காத்திருக்கும். படப்புத்தகமும் ஒன்றையே பல நாள் படிக்கலாம். சலிப்பு நமக்குத்தான்.

குழந்தை மாதக்கணக்கில் பதில் பேசாமல் இருக்கலாம். அப்போது விருந்தினர் முன் நிறுத்தி "சொல்லு, சொல்லு" என்பது பெரும் கேடு. தவறாகச் சொன்னால் சுட்டிக்காட்ட வேண்டாம். சரியான வடிவம் நம் பதிலில் இயல்பாக வந்தால் போதும். தாய்மொழிப் பேச்சைக் குறைத்து இதற்கு நேரம் தேடவும் வேண்டாம்.

– மழலையர் மொழி ஆசிரியர்கள்