ஓராண்டு ரிவ்யூவோடு எங்கள் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள்

குழந்தைகளுக்கு வலிப்பு அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். மூளையின் இடது பாதியின் தொடர்பைத் துண்டித்த பிறகு வலிப்பே இல்லாமல் வளரும் ஒரு பெண்ணின் அம்மா நான். உங்களுக்கு நாங்கள் பட்ட கடன் தீராது.

தகுந்த இரண்டு மருந்துகள் கொடுத்தும் வலிப்பு அடங்கவில்லை என்றால், அறுவைச் சிகிச்சைக்கு வழி உண்டா என்று உடனே பார்க்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் 116 பிள்ளைகள். ஓராண்டு முடிவில், அறுவைச் சிகிச்சை பெற்றவர்களில் 77 சதவீதம் பேருக்கு வலிப்பு இல்லை; மருந்தோடு மட்டும் இருந்தவர்களில் 7 சதவீதம்தான். ஆனால் அது ஓராண்டுக் கணக்கு. ஐந்து வயதில் ஆபரேஷன் ஆன பிள்ளைக்கு முழு ஆயுளும் மிச்சம் இருக்கிறது.

என் மகளுக்குச் செய்த சிகிச்சையின் பழைய கதை உங்களுக்குத் தெரியாததல்ல. 1950-இல் தென்னாப்பிரிக்க அறுவைச் சிகிச்சை மருத்துவர் க்ரைனாவ், அரை மூளையை அகற்றி வலிப்பை நிறுத்தியதை எழுதினார். பலரும் அதையே பின்பற்றினார்கள். அப்புறம், பல ஆண்டுகள் நன்றாக இருந்தவர்களில் சிலருக்கு மண்டைக்குள் இரத்தக் கசிவும் நீர்த்தேக்கமும் வந்து உயிரே போனது. அது தெரிந்த பிறகுதான் கனடாவின் மான்ட்ரியாலில் மருத்துவர் ராஸ்முசென், மூளையின் ஒரு பகுதியை மட்டும் எடுத்து, மிச்சத்தை உள்ளேயே விட்டு, தொடர்பை மட்டும் துண்டித்தார். என் மகளுக்குச் செய்தது அந்த வழியில் வந்ததுதான். பழைய பிள்ளைகளை யாரோ விடாமல் கவனித்ததால் அவள் பிழைத்தாள்.

நீர்த்தேக்கம் இன்றும் வருகிறது. இத்தகைய அறுவைச் சிகிச்சை பெற்ற 690 பேரின் பதிவுகளைப் பார்த்த ஓர் ஆய்வில் 23 சதவீதம் பேருக்கு வந்திருந்தது, சிலருக்குப் பல வருடம் கழித்து. எங்களுக்குக் கிடைத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. தலைவலி, வாந்தி, ஓயாத தூக்கம் என்றால் பித்தம் என்றுதானே எந்த வீட்டிலும் நினைப்பார்கள்?

பார்வையும் அப்படித்தான். அவளுக்கு வலப்பக்கக் காட்சி இரண்டு கண்ணிலும் கிடையாது. வரியின் கடைசிச் சொற்களை விட்டுவிட்டுப் படித்ததற்கு, கவனம் இல்லை என்று பள்ளியில் திட்டு வாங்கினாள். வகுப்பின் வலது ஓரத்தில் உட்கார வைத்தால் கரும்பலகை முழுக்க அவளுக்கு இடப்பக்கம் வந்துவிடும். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

தாய்மொழியில் ஒரு பக்கத் தாள் கொடுங்கள்: எப்போது உடனே ஸ்கேன் எடுக்க ஓடிவர வேண்டும், பள்ளிக்கு என்ன சொல்ல வேண்டும் என்று. 18 வயது ஆனதும் பைலை மூடாமல், பெரியவர்களுக்கான நரம்பியல் பிரிவில் ஒரு மருத்துவரிடம் நேரில் ஒப்படையுங்கள். ஊருக்குத் திரும்பிப் போனவர்களையும் ஆண்டுக்கு ஒருமுறை போனிலாவது விசாரித்து, அதைப் பதிவு செய்து வையுங்கள்.

அன்புடன்,
ஒரு தாய்