நான் கடைசியாக வரவில்லை

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற செவ்வாய்க்கிழமை உங்கள் நாளிதழில் சென்னை–சமயபுரம்–சென்னை 600 கிலோமீட்டர் சைக்கிள் பயணம் பற்றி ஒரு செய்தி வந்திருந்தது. இளைஞர் ஒருவர் "முதலிடம் பிடித்தார்", 61 வயது முதியவர் "கடைசியாக வந்து சேர்ந்தார்" என்று அதில் இருந்தது. அந்த முதியவர் நான்தான். முதியவர் என்றதில் வருத்தமில்லை. என் பேரன் அதைவிட மோசமாகச் சொல்கிறான். கடைசி என்பதுதான் தவறு.

நடந்தது பந்தயமே அல்ல. பி.ஆர்.எம். என்று நாங்கள் சொல்லும் நெடுந்தூரப் பயணம். பாரிஸ் ஆடாக்ஸ் கிளப் என்ற பிரெஞ்சு சைக்கிள் சங்கத்தின் விதிகள்தான் எல்லா நாட்டிலும். 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40. அதற்குள் முடித்தவர் தேறினார். தேறியவர்களுக்குள் வரிசை கிடையாது. வழியில் குறித்த இடங்களில், அந்தந்தத் தூரத்துக்கான கெடுவுக்குள், அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். முத்திரை போட ஆள் இல்லாத இடத்தில் நேரம் அச்சான ஏடிஎம் சீட்டு போதும். 31 ஆண்டுகள் தபால்காரனாக இருந்தவன் நான். முத்திரை விழுந்திருக்கிறதா, தேதி தெளிவாகத் தெரிகிறதா என்று பார்ப்போம். இந்தக் கடிதம் பையில் எத்தனையாவதாக வந்தது என்று எந்தத் தபால் நிலையத்திலும் கேட்டதில்லை.

முந்திப் போவதற்கும் வரம்பு உண்டு. 600 கிலோமீட்டரை 18 மணி 48 நிமிடத்துக்கு முன் முடித்து வந்து நின்றால் முத்திரை கிடைக்காது. அதுவரை காத்திருக்க வேண்டும். சீக்கிரம் வந்தவனை உட்கார வைக்கும் பந்தயத்தை உங்கள் நிருபர் எங்காவது பார்த்திருக்கிறாரா?

சனிக்கிழமை காலை 6 மணிக்குக் கிளம்பினோம். விக்கிரவாண்டி தாண்டியதும் எதிர்காற்று. உளுந்தூர்பேட்டையில் மூன்று பேர் நிறுத்திக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர்களைப் பற்றி உங்கள் செய்தியில் ஒரு வரியும் இல்லை. சமயபுரத்தில் நான் முத்திரை வாங்கியபோது இரவு 12.50. கெடு 2 மணி. கையில் 70 நிமிடம் இருக்கிறதே என்று பெரம்பலூர் அருகே ஒரு நிழற்குடையில் சட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். 25 நிமிடம் என்று நினைத்தது 50 ஆகிவிட்டது. அப்புறம் ஒரு பஞ்சர். வேப்பூரில் விடிந்தபோது இடது கையின் கடைசி இரண்டு விரல்கள் மரத்துப்போயிருந்தன. இன்னும் முழுதாகச் சரியாகவில்லை, இந்தக் கடிதத்தை வலது கையால் எழுதுவதால் பரவாயில்லை.

என் ஊர் மதுராந்தகம் இதே சாலையில்தான் இருக்கிறது. 520ஆவது கிலோமீட்டரில், ஞாயிறு மாலை நாலரை மணிக்கு, ஏரிப் பக்கம் என் மனைவி தூக்குச்சட்டியில் மோரோடு நின்றாள். வாங்கக் கூடாது. முத்திரை போடும் இடம் தவிர வேறெங்கும் வீட்டார் உதவி செய்தால் விதிமீறல். கடையில் காசு கொடுத்து எதை வேண்டுமானாலும் குடிக்கலாம், சொந்த வீட்டு மோர் கூடாது! அவளிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க நிற்பதற்கும் நேரமில்லை. அந்தத் தூரத்துக்கான கெடுவுக்குப் பத்தே நிமிடம்தான் முன்னால் இருந்தேன். கையை மட்டும் ஆட்டிவிட்டு, கொஞ்சம் தள்ளி ஒரு கடையில் பாக்கெட் மோர் வாங்கிக் குடித்தேன். அதை அவள் பார்த்துவிட்டாள். அந்த வழக்கு வீட்டில் இன்னும் நடக்கிறது.

இரவு 9.41க்கு வந்து சேர்ந்தேன். 39 மணி 41 நிமிடம். 26 மணி நேரத்தில் முடித்த அந்த இளைஞருக்கும் எனக்கும் கிடைப்பது ஒரே அங்கீகாரம்தான். "முதலிடம்" என்று போட்டதில் அவருக்கே கூச்சமாக இருக்கிறது. என்னைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டார், அவர் செய்யாத தவறுக்கு.

இன்னொன்று. இப்பயணங்களுக்கெல்லாம் மூத்தது பிரான்சில் நடக்கும் பாரிஸ்–பிரெஸ்த்–பாரிஸ், 1200 கிலோமீட்டர். 1891இல் அதைத் தொடங்கியவர் பியேர் ஜிஃபார் என்ற பத்திரிகையாசிரியர், உங்கள் தொழில்காரர்தான். அன்று அது பந்தயம். சார்ல் தெரோன் என்பவர் உறங்காமல் ஓட்டி 71 மணி நேரத்துக்குச் சற்று மேல் முடித்து வென்றார். தொழில்முறை வீரர்களின் பந்தயம் 1951உடன் நின்றது. இன்று நான்காண்டுக்கு ஒருமுறை நடக்கும் பயணத்தில் 90 மணிக்குள் வந்தால் போதும். ஆகவே "பந்தயம்" என்று எழுதியதில் உங்கள் நிருபர் எழுபது ஆண்டுகள் தாமதம். அவருக்கு நாங்கள் முத்திரை போட முடியாது.

"கடைசியாக" என்பதை நீக்கி "குறித்த நேரத்துக்குள்" என்று ஒரு திருத்தம் போட்டால் போதும். நிருபருக்கு விருப்பமிருந்தால் அடுத்த 200 கிலோமீட்டருக்கு வரட்டும். தபால் கொடுத்த என் பழைய சைக்கிள் வீட்டில் சும்மாதான் நிற்கிறது; டயர் மட்டும் மாற்ற வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர்,
மதுராந்தகம்.